வண்டி அப்படித்தான்

ஒரு புகாரை ஒரே சொல்லில் முடித்துவைக்கத் தமிழில் வசதி இருக்கிறது: 'அப்படித்தான்'. கூரை ஒழுகுது என்றால், பழைய வீடு, அப்படித்தான். மேலாளர் எல்லார் முன்னாலும் கத்துகிறார் என்றால், அவர் அப்படித்தான், மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டார். எண்பதில் போனால் வண்டி உதறுது என்றால், சிங்கிள் சிலிண்டர் தம்பி, அப்படித்தான்.

இந்தச் சொல்லைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. பல நேரங்களில் அது உண்மை. பல நேரங்களில் அது வெறும் தட்டிக்கழிப்பு. இரண்டும் ஒரே குரலில், ஒரே தோள்குலுக்கலோடு வருவதுதான் சிக்கல். எது எது என்று எப்படிப் பிரிப்பது? எனக்கு இந்தக் கேள்வி ஒரு மோட்டார் சைக்கிளின் அதிர்விலிருந்து வந்தது என்பதால் அங்கிருந்தே பேசுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லின் பக்கம் இருக்கும் நியாயம். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகளுக்கு ஒரே சிலிண்டர்தான். கிராங்க் ஒரு சுற்று முடிப்பதற்குள் பிஸ்டன் கீழே போய் நின்று, திரும்பி, மேலே வந்து நின்று, மறுபடி கிளம்புகிறது. நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் நொடிக்கு 100 முறை இந்தப் போக்குவரத்து. ஒவ்வொரு முறை நிறுத்தித் திருப்பும்போதும் எழும் விசையை யாராவது தாங்க வேண்டும். என்ஜின் தாங்குகிறது, அது சேஸிஸுக்குக் கடத்துகிறது, சேஸிஸ் ஹேண்டில்பாருக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் கடத்துகிறது, கடைசியில் நம் உடம்புக்கு வருகிறது.

கிராங்கின் எதிர்ப்பக்கம் எடை சேர்த்து இதைச் சரிகட்டலாமே என்று கேட்கலாம். சேர்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் மேலும் கீழுமான உதறல் முழுக்க அடங்கும் அளவுக்கு எடை வைத்தால், சுற்றுகிற அந்த எடையே வண்டியை முன்னும் பின்னும் உதற ஆரம்பிக்கும். உதறல் தீராது, திசைதான் மாறும். அதனால் ஒரு பகுதியை மட்டும் சமன்செய்துவிட்டு நிறுத்துகிறார்கள். கிராங்குக்கு எதிர்த்திசையில், அதே வேகத்தில் சுற்றும் பேலன்சர் ஷாஃப்ட் ஒன்றை வைத்தால் மிச்சத்தில் பெரும்பகுதி அடங்கும். பழைய புல்லட்டுகளில் அது கிடையாது. அவற்றின் அதிர்வை யாரும் கோளாறு என்று சொல்வதில்லை, குணம் என்கிறார்கள். அதற்காகவே அந்த வண்டியை விரும்புபவர்களும் உண்டு. ஆக, 'அப்படித்தான்' என்ற சொல்லுக்குப் பின்னால் பௌதிகம் இருக்கிறது.

ஆனால் நெடுஞ்சாலையில் வண்டி உதற வேறு காரணங்களும் உண்டு. ரிம் கோணலாக இருக்கலாம். வீல் பேரிங் தேய்ந்திருக்கலாம். என்ஜின் மவுண்டிங் போல்ட் தளர்ந்திருக்கலாம், ஸ்விங் ஆர்ம் புஷ் போயிருக்கலாம், செயின் ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தொங்கியும் இருக்கலாம். இவற்றில் சில வெறும் தொந்தரவு. சில, ஓட்டுகிறவரைக் கொன்றுவிடக் கூடியவை. ஓட்டுகிறவருக்கு எல்லாமே ஒரே வார்த்தையாகத்தான் வாயில் வரும்: "வைப்ரேஷன் அடிக்குதுண்ணே."

என்னுடையது 150 சிசி வண்டி. பின் டயர் மாற்றிய வாரத்தில், செங்கல்பட்டிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், 75ஐத் தாண்டியதும் சீட்டுக்கு அடியில் உதறல் தொடங்கியது. முதலில் பார்த்த மெக்கானிக் பட்டறையிலிருந்து தெருமுனைவரை ஓட்டிப்போய்த் திரும்பினார். "நல்லாத்தானே இருக்கு" என்றார். இரண்டாமவர் வண்டியைத் தொடவே இல்லை. சிங்கிள் சிலிண்டர், அப்படித்தான் என்றார்.

மூன்றாமவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"எந்த வேகத்துல ஆரம்பிக்குது?"

"75."

"90 போனா?"

"கொஞ்சம் குறையற மாதிரி இருக்குண்ணே."

"கையில தெரியுதா, சீட்லயா?"

"சீட்ல."

"தூக்கித் தூக்கி உதறுதா, இல்ல சுர்ருன்னு மரத்துப் போகுதா?"

கடைசிக் கேள்விதான் கெட்டிக்காரத்தனமானது. 17 அங்குலச் சக்கரம் டயரோடு சேர்ந்து ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் போகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பதினோரு சுற்று. அதே நேரத்தில் என்ஜின் நொடிக்கு நூறு சுற்றை ஒட்டிச் சுற்றிக்கொண்டிருக்கும். நொடிக்குப் பதினொன்றை உடம்பு ஆட்டமாக உணர்கிறது, நூறைச் சுரீரென்ற ஊறலாக உணர்கிறது. வண்டியைப் பிரிக்காமலே, ஓட்டினவனின் உடம்பிடம் விசாரித்து, சந்தேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

பிறகு என் பின்னால் உட்கார்ந்து பைபாஸுக்கு வந்தார். காலியான நீளச் சாலை. உதறல் வந்த வேகத்தில் கிளட்ச்சைப் பிடிக்கச் சொன்னார். என்ஜின் ஐடிலுக்கு இறங்கியது, உதறல் அப்படியே இருந்தது. அடுத்து அதே 80ஐ நாலாவது கியரிலும் ஐந்தாவதிலும் ஓட்டச் சொன்னார். என்ஜினின் சுற்று மாறியது, உதறல் மாறவில்லை. என்ஜின் நிரபராதி. பட்டறைக்குத் திரும்பி, மெயின் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார். டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். என் டயரில் ஓரிடத்தில் கோடு உள்ளே போய் மறைந்திருந்தது. டயர் முழுசாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி அடித்தார். 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மறுபடி பைபாஸ். உதறல் போய்விட்டது. ஆனால் வேகம் கூடக் கூட ஃபுட்ரெஸ்ட்டில் ஒரு ஊறல் மிச்சமிருந்தது. சொன்னேன். கிளட்ச்சைப் பிடிக்கச் சொன்னார், ஊறல் நின்றது. சிரித்தார். "இது இருக்கும் தம்பி. சிங்கிள் சிலிண்டர். இது அப்படித்தான்."

இரண்டாமவர் சொன்ன அதே வாக்கியம். நான் அதை அன்று முழு மனதோடு ஏற்றுக்கொண்டேன். அது ஏன் என்று யோசித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இரண்டாமவர் தேடுவதற்குப் பதிலாக அதைச் சொன்னார். மூன்றாமவர் தேடி முடித்த இடத்தில் நின்று அதைச் சொன்னார். 'அப்படித்தான்' என்பது ஒரு முடிவு. அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளும்போதுதான் அது அநியாயமாகிறது.

முதலாமவரின் கதை இன்னும் முக்கியம். அவர் பொய் சொல்லவில்லை. தெருவுக்குள் 40இல் அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரிந்திருக்காது. சமனில்லாத சக்கரம் தரும் விசை வேகத்தின் இருமடிப்படி கூடும். 40இலிருந்து 80க்குப் போனால் நாலு மடங்கு. அதற்கு மேல் ஒத்ததிர்வு வேறு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சின்ன தள்ளலுக்கே உயரப் போகும் இல்லையா, அதுபோலக் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வண்டி துள்ளும். அவர் நேர்மையாக, தன் வேகத்தில், தன் அனுபவத்தைச் சொன்னார். தவறு எங்கே என்றால், தன் நாற்பதை வைத்து என் எண்பதுக்குத் தீர்ப்பு சொன்னதில்.

நம் வாழ்க்கையில் பெரும்பாலான 'அப்படித்தான்'கள் இப்படித்தான் பிறக்கின்றன. சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அந்த வேகத்தில் அவர் போகாதவர், அவ்வளவே. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் கடைசிக் குறள், 950ஆவது, மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். பட்டியலில் முதலில் நோயுற்றவர். நோயாளி மருத்துவத்துக்கு வெளியே காத்திருக்கும் ஆள் இல்லை, மருத்துவத்தின் ஒரு பகுதி. அவர் சொல்வதைச் சேர்க்காத பரிசோதனை நாலில் ஒன்றைக் கழித்துவிட்ட பரிசோதனை.

இதைக் கழித்தால் என்ன ஆகும் என்பதற்கு அதிர்வின் வரலாற்றிலேயே சாட்சி உண்டு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு என்ற ஊரில் சுண்ணாம்புக்கல் செதுக்கும் தொழிலாளர்கள் காற்றழுத்தச் சுத்தியல்களைப் பிடித்து வேலை செய்தார்கள். குளிர்நேரத்தில் அவர்கள் விரல்கள் வெளுத்து மரத்துப்போயின. ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் நேரில் போய் அவர்களிடம் விசாரித்து, கைகளைப் பார்த்து, 1918இல் அறிக்கை எழுதினார். காரணம் சுத்தியலின் அதிர்வு என்று அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் பிரிட்டனில் இதே வெள்ளை விரல் நோய் இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் சேர்ந்தது 1985இல். இடையில் 67 ஆண்டுகள். அத்தனை காலம் எத்தனை பட்டறைகளில் எத்தனை பேரிடம் 'இந்த வேலைன்னா கை அப்படித்தான் இருக்கும்' என்று அவரவர் மொழியில் சொல்லியிருப்பார்கள்!

கல்லுடைப்பவர்வரை போக வேண்டியதில்லை. மாதவிடாய் வலியில் சுருண்டு கிடக்கும் பெண்ணிடம் 'பொம்பளைன்னா அப்படித்தான்' என்று சொல்லாத வீடு எத்தனை? எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே பலருக்கும் வருடக்கணக்கில் ஆகிறது. அங்கேயும் வலி என்ற ஒரே வார்த்தைக்குள் இயல்பும் நோயும் சேர்ந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்க்க யாராவது ஸ்டூலை இழுத்துப் போட்டு, எப்போது, எங்கே, எப்படி என்று கேட்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கோளாறாகவே பார்ப்பதும் ஒரு சங்கடம்தான். என் நண்பன் ஒருவன் டயர், செயின், ஸ்பிராக்கெட், பேரிங் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினான். அதிர்வு குறைந்தது. எதனால் குறைந்தது என்று அவனுக்கும் தெரியாது, மாற்றியவருக்கும் தெரியாது. மிச்சமிருந்த ஊறலை ஏற்கவும் முடியாமல் அடுத்து என்ன மாற்றலாம் என்று தேடிக்கொண்டிருந்தான். காரணம் தெரியாதவனால் நிம்மதியாக ஏற்றுக்கொள்ளவும் முடியாது. பொறுத்துக்கொள்வது பெரிய குணம், மறுக்கவில்லை. ஆனால் எதைப் பொறுத்துக்கொள்கிறோம் என்று தெரிந்திருந்தால்தான் அது குணம்.

ஹேண்டில்பார் முனையில் எடைக்கட்டி மாட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். எடை கூடினால் கைப்பிடியின் ஊறல் குறையும். மூலம் என்ஜினின் இயல்பு என்றால் அது கைக்குச் செய்யும் உபகாரம். மூலம் தளர்ந்துபோன ஒரு போல்ட் என்றால், அதே கட்டி, வரவேண்டிய சேதியை வழியில் மடக்கிவிடுகிறது. பழக்கமும் அப்படி ஒரு கட்டிதான். ரெண்டு மாதம் ஓட்டினால் எந்த உதறலும் பழகிவிடும். மரத்துப்போன விரல் புகார் சொல்லாது. புகார் நின்றுவிட்டது என்பதால் பேரிங் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளப் போவதில்லை.

அதனால் 'அப்படித்தான்' என்று யாராவது சொன்னால் நான் இப்போது சண்டை போடுவதில்லை. அது உண்மையாகவும் இருக்கலாம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: "நீங்க எவ்வளவு வேகத்துல ஓட்டிப் பாத்தீங்க?"