காலும் உயிரும்

2016 டிசம்பர் 4-ஆம் நாள் மாலை சென்னை அப்போலோ மருத்துவமனையில் முதல்வர் ஜெயலலிதாவின் இதயத்துடிப்பு நின்றபோதுதான், 'எக்மோ' என்னும் சொல் சிவகிரித் தேநீர்க் கடைவரை வந்து சேர்ந்தது. மறுநாள் இரவு அவர் மறைந்தார். அவருடைய கால்கள் அகற்றப்பட்டன என்றொரு வதந்தியும் எழுந்தது. 2017 பிப்ரவரியில் மருத்துவர்கள் அதனை மறுத்தனர். வதந்தி பொய்தான். ஆயினும் இக்கருவியால் காலுக்கு நேரக்கூடிய ஆபத்து பொய்யன்று.

இதயமும் நுரையீரலும் ஓய்ந்துபோனவருக்குத் தொடைச் சிரையிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்து, உயிர்வளி ஏற்றி, தொடைத் தமனி வழியே மீண்டும் செலுத்துகிறது எக்மோ. அவசரத்தில் நுழைக்கப்படும் தடித்த குழாய் தமனியை அடைத்துக்கொள்வதுண்டு. அப்போது இரத்தம் மேல்நோக்கிப் பாய்ந்து மூளையைக் காக்கிறது. கீழே கால் வறள்கிறது. பாதம் குளிர்ந்து வெளிறும். சில மணி நேரத்தில் தசை அழியத் தொடங்கும். சிலருக்குக் காலையே அகற்ற நேரிடும். இதனைத் தவிர்க்கவே காலுக்குள் இரத்தம் இறங்க மெல்லிய குழாய் ஒன்றையும் சேர்த்துப் பொருத்துகின்றனர். பாதத்தை அடிக்கடி தொட்டுப் பார்க்கின்றனர்.

உயிரைக் காக்க உறுப்பை இழக்கலாமா? முழு உடலின் நலனுக்காக இழக்கலாம் என்பதே கத்தோலிக்க அறநெறி. திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1952-இல் இதனை விளக்கினார். 1957 நவம்பரில் மயக்கவியல் மருத்துவர்களிடம் உரையாற்றுகையில், நோயாளியின் இசைவு எவ்வளவோ அவ்வளவே மருத்துவரின் உரிமை என்றும், வழக்கத்திற்கு மீறிய சிகிச்சையை ஏற்கக் கட்டாயமில்லை என்றும் தெளிவுபடுத்தினார்.

நம்மைத் தைப்பது வேறொன்று. நினைவிழந்தவருக்காகக் கையெழுத்திடும் நாம், "உயிர் பிழைத்தால் போதும்" என்கிறோம். யாருக்குப் போதும்? சிவகிரியின் வயல்வரப்பில் உழைத்துப் பிழைப்பவருக்குக் கால் என்பது கூலி. வீட்டில் எரியும் அடுப்பு. அக்காலைப் பற்றிக் கையெழுத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்பது நன்றிகேடாகாது. அவர் விழித்திருந்தால் எதை வேண்டியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதே நம் கடமை. நம் அச்சத்தைத் தணித்துக்கொள்வதற்காகக் கையெழுத்திடுவதன்று.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12-ஆம் அதிகாரத்தில், நலிந்த உறுப்புகளே மிகவும் தேவையானவை என்று புனித பவுல் காட்டுகிறார். (அவ்வாசகத்தை நாம் பெரும்பாலும் பங்குப் பேரவைச் சண்டைகளுக்கே பொருத்திக் கேட்கிறோம்!) உயிர் போதும் என்று அன்று கையெழுத்திட்டவர்கள், ஆறு மாதம் கழித்து ஒற்றைக் காலோடு ஆலயப் படியேற முடியாமல் வாசலில் நிற்பவரிடம் அதே சொல்லைச் சொல்ல இயலுமா? நம் ஆலயங்களில் சாய்தளம் உள்ளவை எத்தனை?