எந்தக் கரையில் முழுகுவது?

ஆடி அமாவாசையன்றும் தை அமாவாசையன்றும் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும் வேதாரண்யத்திலும் கன்னியாகுமரியிலும் கால் வைக்க இடமிருக்காது. இந்த ஊர்களுக்கு இடையே நீண்டு கிடக்கும் மணற்கரையிலோ பல இடங்களில் ஆளே இருக்காது. எங்கும் அதே உப்புத் தண்ணீர்தான். அப்படியிருக்க, முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைக்க ஒரு கரையை விட்டு இன்னொரு கரையைத் தேடிப் போவதில் பொருள் உண்டா? உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பொருள் தண்ணீரிலோ மணலிலோ இல்லை, அந்தக் கரையோடு மனிதர் கொண்ட உறவில் இருக்கிறது.

இதை மறுக்க வருபவருக்கு அப்பரே துணை நிற்பார். கங்கையில் ஆடினாலும் குமரித்துறையில் ஆடினாலும், ஈசன் எங்கும் இருக்கிறான் என்று உணராதவருக்கு ஒரு பயனும் இல்லை என்று 7ஆம் நூற்றாண்டிலேயே பாடிவிட்டார். எங்கும் இருப்பவனுக்குத் துறை எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதைப் பாடியவர் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடவில்லை. உழவாரத்தோடு தலம் தலமாக நடந்தார். கடலோரத் திருமறைக்காட்டில் சம்பந்தரோடு நின்று கோயில் கதவு திறக்கப் பாடினார் என்கிறது மரபு. அவர் தடுத்தது பயணத்தை அல்ல, தண்ணீரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பை. எங்கும் நிறைந்தவனைக் கும்பிடவும் மனிதன் ஏதோ ஓரிடத்தில்தானே நின்றாக வேண்டும்?

‘ராமர் பாதம் பட்ட சேது வெறும் மணலா?’ என்று பக்தர் கேட்பார். புராணத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்தது, ரயில் பாதையைக் கடல் கொண்டுபோனது. புனிதம் அந்த இடத்து மணலில் மட்டும் ஒட்டியிருந்தால் அன்றே அதுவும் போயிருக்கும். இன்றும் அங்கே பிதுர்க்கடன் செய்ய வருகிறார்கள் என்றால், அந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்தவர்களால்தான். மாசி மகத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் அன்று தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருள்கிறார். நாச்சியார் தங்கள் குலத்துப் பெண் என்பதால் அங்குள்ள மீனவர்களுக்கு அவர் மாப்பிள்ளை. ‘மாப்பிள்ளை சாமி’ என்று முழங்கித் தோளில் சுமக்கிறார்கள். பெருமாளுக்கு வேறு கரை கிடைக்காமல் இல்லை, பெண் எடுத்த வீடு இங்கே இருக்கிறது! அதே மாசி மகத்தில் மாமல்லபுரம் மணலில் இருளர் குடும்பங்கள் சேலைகளை மறைப்பாகக் கட்டித் தங்குகின்றன. மணலில் படி பிடித்துக் கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணமும் பேசி முடிக்கின்றன. உலகம் தேடி வந்து பார்க்கும் பல்லவர் சிற்பங்களுக்காக அவர்கள் வருவதில்லை. அம்மனும் உறவுக்காரர்களும் அந்தக் கரையில் இருக்கிறார்கள்.

அப்படியென்றால் மெரினாவும் சேதுவும் ஒன்றா? தகப்பனின் சாம்பலைச் சென்னைக் கடலில் கரைத்தவருக்கு அந்தக் கரை சேதுவுக்குக் குறைந்ததல்ல. தாத்தா காலத்திலிருந்து சேதுவுக்குப் போகும் குடும்பம் அதை விடவும் வேண்டியதில்லை. கையில் காசில்லாதவரிடம், ‘இங்கே செய்தால் பலிக்காது, அங்கே போ’ என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அது துறைகளுக்கு விலைப்பட்டியல் போடுகிற வேலை. உறவை அளவுகோலாக வைத்தால் இன்னொரு வழக்கத்தையும் கேள்வி கேட்க வேண்டிவரும். அக்னி தீர்த்தத்தில் முழுகி எழுந்தவர்களில் பலர், பாவமும் கூடவே போகட்டும் என்று உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். அடுத்து இறங்குபவரின் காலில் அந்த ஈரத்துணி சுற்றுகிறது. நம் பாவம் கழிய வேண்டும் என்பதற்காக அந்தக் கரையில் வாழ்பவர் நம் அழுக்கைச் சுமக்க வேண்டும் என்று எந்த உறவில் கேட்க முடியும்? முன்னோருக்கு இறைக்க எள்ளும் நீரும் போதும். துணியைப் பிழிந்து பையில் போட்டு ஊருக்கு எடுத்துப் போகலாம்.