மூச்சும் முயற்சியும்

உண்டேன், நடந்தேன், மூச்சு விட்டேன் என மூன்றினையும் ஒருபடித்தாகவே உலகத்தார் கூறுவர். உண்டதும் நடந்ததும் ஒருவர் எண்ணிச் செய்தன. மூச்சு விட்டது அவ்வாறன்று. யோக நூலார் ஒருநாளைய மூச்சு 21,600 என்பர். அது நிமிடத்திற்கு 15 ஆதலின், அமைதியாய் அமர்ந்திருப்பார்க்கு 12 முதல் 20 வரை என இக்கால உடல்நூலார் கூறும் எல்லைக்குள் அடங்குதல் காண்க. இவற்றுள் நாம் அறிந்து விட்டவை மிகச் சிலவே. எஞ்சியவெல்லாம் நம்மைக் கேளாமலே நிகழ்ந்தன. ஆகவே, உடம்பு தானே செய்வது எவ்வளவு, உயிர் அறிந்து செய்வது எவ்வளவு என்னும் வினா எழுகின்றது. இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. இவ்வெல்லையை அறியாதார் பழிக்கத் தகாதாரைப் பழிப்பர். தம்மைப் பொறுத்துக்கொள்ளத் தகாதவிடத்துத் தாமே பொறுத்துக்கொள்வர்.

நீலகிரியில் வாழ்வார்க்கு இவ்வினா நாள்தோறும் எதிர்ப்படுவது. உதகமண்டலம் கடல்மட்டத்தினின்றும் சற்றேறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கேயாம். ஆதலின் ஒரு மூச்சில் உட்புகும் பிராணவாயுவும் அதற்கேற்பக் குறையும். மேட்டுப்பாளையத்தினின்றும் ஏறிவந்தவர் இதனை நினைந்திலர். ஆயினும், அவர் கழுத்தின் இருபுறத்தும், தலைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடி கிளைக்கும் இடத்தில், அரிசியளவினதாகிய ஓர் உறுப்பு அக்குறைவினை உணர்ந்து மூளைக்குச் செய்தி விடுக்கின்றது. மூச்சும் சிறிது மிகுகின்றது. அவர் உறங்கினும் இத்தொழில் உறங்காது. இத்தகைய உணர்கருவிகள் மூச்சினை நடத்தும் முறையை விளக்கியமைக்காகப் பெல்ஜியம் நாட்டுக் கார்னீல் ஹேமன்ஸ் என்பார் 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றார்.

மூச்சிற்கு இருவகை ஆட்சி உண்டு. ஒன்று, மூளையின் அடிப்பகுதியாகிய முகுளத்தினது. மற்றொன்று, எண்ணிச் செய்வனவற்றிற்குக் கருவியாகிய பெருமூளையினது. முன்னது ஓய்வறியாதது. நுரையீரல் விரிந்த அளவில் வேகஸ் என்னும் நரம்பின் வழியே செய்தி சென்று உள்மூச்சினை நிறுத்துதலை, 1868இல் வியன்னா நகரத்தில் ஹெரிங், பிராயர் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். பின்னதாகிய ஆட்சியோ சிறிது நேரத்ததே. பாடுவார் மூச்சினை நீட்டுவர். பிராணாயாமம் பயில்வார் அதனை அடக்குவர். ஆயின், குருதியிற் கரியமிலவாயு மிகுந்துழி முகுளம் தன் ஆட்சியைத் திரும்பப் பற்றிக்கொள்ளும். இதயமும் குடலும் நம் ஏவலை நேரே கேளா. கையும் காலும் பெரும்பாலும் கேட்கும். மூச்சு ஒன்றே இரண்டிற்கும் இடைநின்று, கேட்பதுபோலச் சிறிது கேட்டுப் பின் தன்வழிச் செல்கின்றது. எனவே மேற்கூறிய எல்லையை ஆராய்தற்கு மூச்சினும் சிறந்த இடம் வேறில்லை.

இத்துறையில் நம் நாட்டார் ஒருவர் கண்டது தனிச்சிறப்புடையது. அவ்தார் சிங் பெயின்டல் என்பார் 1925இல் பர்மாவின் மோகோக் நகரிற் பிறந்து, லக்னோவில் மருத்துவம் பயின்று, எடின்பரோவில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். தனி நரம்பிழை ஒன்றிற் செல்லும் மின்துடிப்பினைப் பதிவு செய்வதில் வல்லவர். கான்பூரில் இருந்தபொழுது பூனைகளின் வேகஸ் நரம்பினை ஆராய்ந்து, முன்பு அறியப்படாத சில உணர்முனைகள் நுரையீரலில் இருத்தலைக் கண்டார். 1955இல் அதனை வெளியிட்டார். அவை காற்றறைகளைச் சூழ்ந்த நுண்குருதிக் குழாய்களின் அருகில் உள்ளன. அக்குழாய்களினின்றும் நீர் மிகுதியாய்க் கசிந்து இடைவெளியில் தேங்கத் தொடங்கின், அவை துடித்துச் செய்தி விடுக்கும். அவற்றை மருந்தினால் வன்மையாகத் தூண்டியவழி, விலங்குகளிடத்து மூச்சு முதலில் நின்று, பின் விரைந்து ஆழமற்றதாகின்றது, நாடித்துடிப்புக் குறைகின்றது, கால்தசைகளும் தளர்கின்றன. உழைப்பு அளவிறந்துழி நுரையீரலில் நீர் பெருகாமற் காத்தற்பொருட்டு, உடம்பே காலைத் தளர்த்தி நிறுத்துகின்றது என்பது அவர் கருத்து. இத்தளர்ச்சி மக்களிடத்து எத்துணை வலிமையோடு நிகழ்கின்றது என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமித்திலர். ஆயினும், மூச்சிரைப்பு என்பது உள்ளத்தின் தளர்ச்சியன்று, நுரையீரலிலும் அதற்குக் காரணம் உண்டு என்பது ஐயமற்றது.

நிற்க. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டையைத் தலையிற் சுமந்து, இலை நிறுக்கும் இடத்திற்கு மேடேறிச் செல்லும் அம்மையார் ஒருவர் நடுவழியில் நிற்கின்றார் என்க. பின்வருவார் அதனைச் சோம்பல் என்பர். அவ்வம்மையார் இளமையில் உற்ற மூட்டுவாதக் காய்ச்சலால் இதயத்தின் இடப்பக்க வாயில் சுருங்கியவராயின், ஏறுந்தோறும் நுரையீரலிற் குருதி தேங்கும், நீர் கசியும், உணர்முனைகள் துடிக்கும், மூச்சு முட்டும். அவர் உள்ளம் ஏறவே விரும்புகின்றது. கூலி குறையுமே என்று அஞ்சுகின்றது. நிற்பித்தது உடம்பு. விருப்பத்தையும் மீறி நிகழ்ந்த ஒன்றிற்கு அவரைப் பழித்தல் அறமோ? நின்றார் என்பது மட்டுமே கண்ணுக்குப் புலனாவது. சோம்பினார் என்பது காண்பார் தாமே கூட்டி உரைத்தது. கண்டதற்கும் கூட்டியதற்கும் உள்ள வேறுபாட்டினை உணராது கூறும் சொல், மூட்டையினும் கனமாக அவர்மேல் ஏறுகின்றது.

விருப்பம் ஒருபுறமும் மூச்சு ஒருபுறமுமாய் நிற்றற்கு இதனினும் கொடிய சான்று வெறிநாய்க்கடி நோய். அதற்கு மருத்துவம் செய்தற்பொருட்டு, அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த கொடையின் துணையோடு 1907இல் தொடங்கப்பெற்ற பாஸ்டர் நிலையம் இம்மலையிலே குன்னூரில் உள்ளது. நோய்க்கிருமி நரம்பு வழியே ஏறி மூளையைப் பற்றியபின், நோயாளர் விடாய் மிக்கு நீர்க்கலத்தினைக் கையில் எடுப்பர். வாயருகிற் கொண்டுவந்த அளவில் உதரவிதானமும் பிற மூச்சுத் தசைகளும் வலித்து இழுக்கும், நீர் இறங்காது. உலகத்தார் இதனை நீருக்கு அஞ்சும் நோய் என்றனர். அவரோ நீரை விரும்பினார். மூச்சுக்குழலிற் பிறிதொன்று புகாமற் காக்கும் காவலே மிகைப்பட்டு அவரை மறுத்தது. இந்நிலையில் அவர்க்கு மனவுறுதி கூறுவாரின் சொல் பயன்படாது. கடித்தவுடனே புண்ணைச் சோப்பும் நீரும் கொண்டு நன்கு கழுவி, காலந் தாழாது தடுப்பூசி பெறுதலே அறிந்து செய்யத்தக்க செயல். முயற்சிக்கு இடமுள்ள காலமும் இடமற்ற காலமும் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

அற்றேல், மூச்சும் நடையும் நரம்பின் தொழிலாகவே முடிதலின், உயிர் என ஒன்று வேண்டாவாம். நன்மை தீமை என்னும் பகுப்பும் வேண்டாவாம் எனின், அது பொருந்தாது. மூச்சே உயிர் என்பாரை மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்திலேயே மறுத்தனர். உறக்கத்தில் மூச்சு இயங்கிக்கொண்டே இருப்பினும் நுகர்ச்சியும் செயலும் இல்லாமையின், நுகர்வதும் செய்வதும் ஆகிய உயிர் மூச்சின் வேறு என்பது ஆண்டுப் பெறப்பட்டது. ஆகவே மூச்சினை முகுளத்திற்கு உரியதாக்கிய உடல்நூலாரால் சித்தாந்திக்கு இழப்பொன்றும் இல்லை. இனி, எண்ணுதற்கும் பெருமூளை வேண்டுமன்றோ எனின், வேண்டும். கருவியின்றி உயிர் அறியாது என்பது சித்தாந்தமும் உடன்பட்டதே. கருவி இன்றியமையாதது என்பது பற்றிக் கருவியே கருத்தா ஆதல் இல்லை.

வெகுளி எழுந்துழி மூச்சு விரைகின்றது. அஃது உடம்பின் தொழில், அதற்குப் பழியில்லை. அதன்பின் வாயினின்றும் வரும் சொல் நம் தொழில், அதற்குப் பழியுண்டு. மூச்சு விரைந்தமையால் சொல்லும் விரைந்தது எனத் தன்னைத் தான் பொறுத்துக்கொள்வார், தமக்கு உரியதனை உடம்பின்மேல் ஏற்றுகின்றனர். சுமையோடு நின்றாரைச் சோம்பினார் என்பாரோ, உடம்பிற்கு உரியதனை உயிரின்மேல் ஏற்றுகின்றனர். இரண்டும் ஒரே மயக்கத்தின் இரு பக்கங்கள்.

இவ்வேறுபாட்டினைப் பெயின்டலின் வாழ்க்கையிலும் காணலாம். தாம் கண்ட உணர்முனைகள் நுரையீரல் சுருங்குதலை உணர்வன என்று கருதி, முதலில் அதற்கேற்ப அவற்றிற்குப் பெயரிட்டார். அவற்றை இயல்பாகத் தூண்டுவது நீர்த்தேக்கமே எனப் பின்னர்த் தெளிந்து, நுண்குழாய்களின் அருகில் உள்ளன என்னும் பொருள்பட ஜே உணர்முனைகள் என்னும் பெயரை மேற்கொண்டு, 1969இல் அவை தூண்டப்படும் முறையை விளக்கினார். தாம் இட்ட பெயரைத் தாமே விடுதற்கு எந்நரம்பும் ஒருவரை நெருக்குவதில்லை. அஃது அறிந்து செய்யும் செயல். 1981இல் லண்டன் ராயல் சங்கத்தார் அவரைத் தம் உறுப்பினராக ஏற்றனர். அறிவியலாளரிடையே வாய்மை பேணுதற்கென 1986இல் ஒரு சங்கம் நிறுவப்பட்டபொழுது அதனை முன்னின்று நடத்தியவரும் அவரே. 2004இல் அவர் காலமாயினார். உடம்பு தானே செய்வனவற்றை ஆராய்ந்தே வாழ்நாளைக் கழித்த ஒருவர், மக்கள் தாமே செய்யவேண்டுவதனை உடம்பின்மேல் ஏற்றி அமைந்தாரல்லர்.

மூச்சு தானே வரும்; வாய்மை தானே வாராது; இரக்கமும் தானே வாராது. ஆதலின், மேட்டில் நின்றாரைக் காணின் ஏன் நின்றார் என்பதனை முதலிற் கேட்க. மூட்டைக்கு ஒரு கை கொடுக்க. தம் சொல்லையும் செயலையும் ஆராயுமிடத்து, உடம்பின்மேற் பழிபோட்டு ஒழியாதிருக்க. பிறர்க்குத் தளர்த்தியும் தமக்கு இறுக்கியும் பிடிக்கத்தக்க அளவுகோல் இது.