செஞ்சி மலையடியில் எழுதப்பட்ட ஒரு வரி

தென்னார்க்காடு மாவட்டத்துக்கான கெசட்டியர் 1906இல் வெளிவந்தது. தொகுத்தவர் டபிள்யூ. பிரான்சிஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. அதில் இருளர் என்ற பழங்குடியினரைப் பற்றி ஒரு சிறு பத்தி உண்டு. செஞ்சி மலைகளைச் சுற்றித்தான் அவர்கள் அதிகம் வாழ்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, தோலின் கருமையையும் முடியின் சுருளையும் அந்தப் பத்தி விவரிக்கிறது. அவர்கள் பேசும் தமிழைச் சிதைந்த தமிழ் என்கிறது. பயிருக்குக் காவல் இருப்பது, கிணற்றில் நீர் இறைப்பது என்று பிழைப்புகளைச் சொல்லி வரும்போது, கஷ்டகாலத்தில் செய்யும் சில்லறைக் குற்றத்தையும் ஒரு பிழைப்பாக அதே மூச்சில் சேர்த்துவிடுகிறது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். பிரான்சிஸின் அந்தக் குறிப்பு அங்கேயும் ஏறிக்கொண்டது. அதிகாரி ஒருவரின் அபிப்பிராயம் மூன்றே ஆண்டுகளில் அறிவியல் நூலின் வரியாகிவிட்டது.

தர்ஸ்டன் சோம்பேறி அல்லர். மண்டையையும் மூக்கையும் அளக்கும் கருவிகளோடு மாகாணம் முழுக்க அலைந்தவர். காவல்துறையினருக்கும் உடலளவை முறையைக் கற்றுக்கொடுத்தார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹெர்பர்ட் ரிஸ்லி இன்னும் துணிந்து, மூக்கு எவ்வளவு அகலமோ சமூகத்தில் அந்தஸ்து அவ்வளவு தாழ்வு என்று விதியே வகுத்தார். அந்த அளவுகளில் இருந்த பிழைகளைப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1930களில் எடுத்துக்காட்டினார். 1948இல் அம்பேத்கர் அதே மூக்களவுகளைக் கொண்டே, தீண்டப்படாதோர் வேறு இனம் என்ற வாதத்தை உடைத்தார். அறிவியலின் தவற்றை அறிவியலே திருத்திக்கொள்ளும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டலாம். உண்மைதான். ஆனால் திருத்தம் வர ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது. அதுவரை அந்த வரிகளின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு யார் பொறுப்பு?

இந்தக் கேள்வியை நம் காலத்தில் கூர்மையாக்கியவர் ஜேம்ஸ் வாட்சன். 1953இல் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவர்; 1962இல் நோபல் பரிசு பெற்றவர். 2007இல் லண்டன் செய்தித்தாள் ஒன்றுக்கு அளித்த பேட்டியில், ஆப்பிரிக்கர்களின் அறிவுத்திறன் வெள்ளையருடையதற்குச் சமமல்ல என்று பொருள்படப் பேசினார். லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அவருடைய உரையை ரத்து செய்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். அப்படி நம்ப அறிவியல் ஆதாரம் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். 2019இல் ஒளிபரப்பான ஆவணப்படத்தில் கேட்டபோது, தம் கருத்து மாறவில்லை என்றார். அவர் பல்லாண்டுகள் தலைமை தாங்கிய கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம், எஞ்சியிருந்த கௌரவப் பட்டங்களைப் பறித்தது. மனிதரைத் தரம் பிரித்து ‘நல்ல’ வம்சம் வளர்க்கும் நோக்கத்தோடு ஒரு பதிவகம் 1910 முதல் 1939 வரை இயங்கியதும் அதே கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில்தான். வாட்சனுக்கு அந்த வரலாறு தெரியாமல் இருந்திருக்க முடியாது.

அவரைத் தண்டித்தது சரியா? கசப்பான கருத்தைப் பேசவிடாமல் அடைத்தால், ஆய்வாளர்கள் பயந்து நடப்பார்கள், உண்மை ஊமையாகும் என்று ஒரு வாதம் உண்டு. அதைத் தள்ளிவிடக் கூடாது. பெரும்பான்மையின் கோபம் எது உண்மை என்று தீர்மானிக்கத் தொடங்கினால், நாளை அது அம்பேத்கரின் வாயையும் அடைக்கும். ஆனால் வாட்சன் ஆய்வுக்கட்டுரை எழுதவில்லை; யாரும் சரிபார்க்கத்தக்க தரவு எதையும் முன்வைக்கவில்லை. டி.என்.ஏ.வில் ஈட்டிய நம்பிக்கையை, தாம் உழைக்காத வேறொரு வயலில் செலவழித்தார். கௌரவப் பட்டம் பேச்சுரிமை அன்று. ஒரு நிறுவனம் தன் பெயரை இரவல் கொடுப்பது. இரவலைத் திரும்பப் பெறுவது வாயை அடைப்பதாகாது. உரையை ரத்து செய்ததை மட்டும் அதே உறுதியோடு ஆதரிக்க முடியவில்லை. அவரை மேடையேற்றி, மரபியலாளர்கள் எதிரில் அமர்ந்து ஆதாரம் கேட்டிருந்தால் அது இன்னும் நேர்மையாக இருந்திருக்கும்.

இப்படிப் பேசுவோர் சாட்சிக்கு இழுக்கும் அறிவுத்திறன் தேர்வு பிறந்த கதையே வேறு. 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே அதை உருவாக்கியது, பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டு உதவுவதற்காக; பிறவியிலேயே இவ்வளவுதான் என்று முத்திரை குத்த அல்ல. இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் சராசரி மதிப்பெண் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி வீதம் ஏறியது. அவ்வளவு விரைவில் மரபணு மாறாது. உணவும் பள்ளியும் மாறின. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்ட பெற்றோரோடு ஊர் ஊராய்ப் போகும் இருளர் பிள்ளைக்கு அந்தத் தேர்வை வைத்தால், சூளையைத்தான் அளக்க முடியும். பழங்குடிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்து நடந்து படிப்பை விட்ட பிள்ளைகள் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். எங்கே திருட்டு நடந்தாலும் இருளர் குடியிருப்புக்கு முதலில் போகும் காவல்துறை வழக்கத்தை எதிர்த்துத்தான், திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றோர் 1990களில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டினார்கள். 1906ஆம் ஆண்டின் வரிதான் அந்த வழக்கத்தை உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. சந்தேகம் ஊரில் முன்பே இருந்தது. அச்சில் ஏறியதும் அதற்கு ஒரு மரியாதை கிடைத்தது.

வாட்சனைக் கண்டிப்பது நமக்கு எளிது. அவர் தொலைவில் இருந்தவர். ‘அந்தச் சாதிக்குப் படிப்பு ஏறாது’ என்ற பேச்சு நம் ஊர்த் திண்ணையிலும் பள்ளி ஆசிரியர் அறையிலும் நோபல் பரிசு எதுவும் இல்லாமலே புழங்குகிறது. கேட்பவர் மறுப்பதில்லை. அந்த மௌனமும் கணக்கில் வரவேண்டும்.

இன்னொன்று, பாராட்டாக வருவதால் கண்ணில் படாதது. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. உடனே எல்லோரும் சொன்னது, ‘பாம்பு பிடிப்பது அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது’ என்பது. அன்பாகச் சொன்னாலும் இதுவும் தர்ஸ்டனின் அளவுகோல்தான். ரத்தத்தில் எதுவும் ஊறவில்லை. சிறுவயதில் பெரியவர்களின் பின்னால் நடந்து, மண்ணில் வயிறு இழைந்த தடம் எத்தனை நாள் பழையது, வளைக்குள் இருப்பது பாம்பா எலியா, உரித்த சட்டையின் ஈரம் என்ன சொல்கிறது என்று ஒவ்வொன்றாகக் கற்றார்கள். தவறாகக் கணித்தால் கை போகும், உயிர் போகும் என்ற இடத்தில் கற்றார்கள். கடல் கடந்து, அதுவரை கால் வைக்காத ஒரு சதுப்புக்காட்டில், அதுவரை தேடிப் பழகாத ஒரு பாம்பினத்தின் தடத்தை அவர்கள் வாசித்ததும் அந்தப் படிப்பைக் கொண்டுதான்.