விழுந்தவள் மீண்டும் ஏறினாள்



குருவானவர் குதிரைப் பந்தயத்தைப் பற்றி எழுதுகிறாரே என்று முகம் சுளிக்க வேண்டாம். ஏப்ரல் வந்தால் நுவரெலியாவுக்கு பஸ் ஏறுகிறவர்கள் நம் பங்குகளிலும் உண்டு. சம்பள நாளன்று புக்கி வாசலில் நிற்கிறவர்களும் உண்டு. அவர்களோடு பிறிதொரு நாள் பேசுவேன்.

செக் நாட்டின் பர்துபித்சே நகரில் 1874ஆம் ஆண்டு தொடங்கிய தடைதாண்டும் பந்தயம் ஒன்று உண்டு. ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் தூரம். வேலிகள், நீர்த் தடைகள், உழுத வயல்கள். ‘தக்சிஸ்’ என்ற வேலியைத் தாண்டினால் மறுபுறம் அகழி. 1927இல் லாத்தா பிரண்டிசோவா என்ற பெண்மணி அதில் ஓட முன்வந்தார். பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று இராணுவ அதிகாரிகள் எதிர்த்தார்கள். அவர் ஏறிய பெண் குதிரையின் பெயருக்குச் செக் மொழியில் ‘மணமகள்’ என்று பொருளாம். அன்று அவர் பல முறை விழுந்தார். விழுந்த ஒவ்வொரு முறையும் மறுபடி ஏறினார். ஐந்தாவதாக வந்து சேர்ந்தார்.

பின்பு நோர்மா என்ற பெண் குதிரையில் 1933இல் மூன்றாம் இடம், 1934இல் இரண்டாம் இடம். 1937 ஒக்ரோபர் 17. நாட்டின் தந்தையென மதிக்கப்பட்ட மசாரிக் இறந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. எல்லைக்கு அப்பால் ஹிட்லர். பல ஆண்டுகளாக வென்று வந்த ஜேர்மனிய வீரர்களை முந்தி, நோர்மா முதலாவதாக வந்தாள். சவாரி செய்தவருக்கு வயது 42. அப்பந்தயத்தை வென்ற ஒரே பெண் அவரே. 1949இல் அதே திடலில் விழுந்து படுகாயமுற்றார். கம்யூனிஸ்ட் ஆட்சியில் குடும்பச் சொத்தையும் இழந்தார்.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியபோது பந்தயத் திடலையே உவமையாக எடுத்தார். அந்நகருக்கு அருகில் பெரும் விளையாட்டு விழா நடப்பது வழக்கம். வென்றவனுக்குக் கிடைப்பதோ வாடிப்போகும் இலைமுடி. எனக்கென்னவோ 1937இன் வெற்றியைவிட 1927இன் ஐந்தாம் இடமே பெரிதாகத் தோன்றுகிறது.

ஏன் என்று சொல்கிறேன். சில வாரங்களுக்கு முன் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வீடு மந்திரிக்கப் போயிருந்தேன். பதினாறு வயது மகள் கதவோரம் நின்றாள். “கணக்குப் பாடத்துல விழுந்துட்டாங்க சாமி. இனி எதுக்குப் படிப்பு? கொழும்பில ஒரு வீட்டில வேலை இருக்கு” என்றார் தகப்பனார். மூத்தவன் அதே பரீட்சையில் இரண்டு முறை தவறியவன். மூன்றாம் முறைக்குக் கடன் வாங்கிக் கண்டியில் ரியூசன் வைத்தார்கள். அதை நினைவூட்டினேன்.

“அவன் ஆம்பளப் பிள்ளைங்க சாமி.”

தாயார் ஒன்றும் பேசவில்லை. தேநீர்க் கோப்பையை என் முன் வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். வீட்டைத் தீர்த்தத்தால் மந்திரித்துவிட்டு வந்தேன். ஆனால் அந்தப் பார்வை என்னோடு கண்டி வரைக்கும் வந்தது.

அந்தத் தகப்பனார் இப்பத்திரிகையைத் தவறாமல் வாசிப்பவர். பெயரை எழுதவில்லை, ஐயா, பயப்பட வேண்டாம். பரீட்சை விண்ணப்பப் படிவம் வாங்கி என் மேசையில் வைத்திருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் மகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். தாயாரும் வரட்டும்.