இருட்டு யாருடையது?

ஓவியத்துக்கு மூலம் ஒன்றுதான். திரைப்படத்துக்கு அப்படியில்லை, ஒரே நெகட்டிவிலிருந்து எடுத்த நூறு பிரதிகளும் படம்தான். அந்தச் சமத்துவத்தை எதுவரை நீட்டலாம்? பழைய கறுப்பு வெள்ளை திரில்லர் ஒன்றை மங்கிப்போன மலிவு டிவிடியில் பார்த்தவர், அந்தப் படத்தைப் பார்த்தவர்தானா? தரம் குறைவு, அவ்வளவுதானே என்று நகர்ந்துவிடலாம். ஆனால் சைவ சித்தாந்த அளவையியல், காட்சியை அறிவுக்கு வாயில் என்று ஏற்கும்போதே ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியைத்தான் ஏற்கிறது. ஒன்றை வேறொன்றாகக் காண்பது திரிபு. மோசமான பிரதி செய்வதும் இதைத்தான்: தன் குறையைப் படத்தின் குறையாக நம்பவைக்கிறது.

இயக்குநர் எட்கர் உல்மரின் ‘டீட்டூர்’ (1945) இதற்குத் தெளிவான சான்று. பி.ஆர்.சி. என்ற சிறு நிறுவனத்தின் படம், 70 நிமிடம்கூட ஓடாது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28ஆம் ஆண்டில் புதுப்பிக்க வேண்டிய பதிப்புரிமையை யாரும் புதுப்பிக்கவில்லை. யார் வேண்டுமானாலும் நகலெடுத்து விற்கலாம் என்றானது. நகலுக்கு நகல் எடுக்க எடுக்க கான்ட்ராஸ்ட் ஏறும். வெள்ளை வெளுத்துப்போகும், நிழல்கள் கட்டிப்போகும், நடுவிலுள்ள சாம்பல் படிகள் காணாமல் போகும். இப்படிப்பட்ட கறுப்பு வெள்ளை திரில்லரில் கதையைச் சொல்வதே அந்தச் சாம்பல்தான். உணவகத்தில் நாயகன் பழசை நினைக்கத் தொடங்கும்போது சுற்றிலும் ஒளி அடங்கி அவன் கண்களில் மட்டும் நிற்கிறது. அடங்கும் ஒளிக்கும் கெட்டுப்போன நகலின் இருளுக்கும் வேறுபாடு தெரியாதபோது, அவன் குற்ற உணர்வு நமக்கு வெறும் மங்கலாகிவிடுகிறது. கேட்பாரற்ற படத்துக்கு இது இரட்டைத் தண்டனை. மோசமான பிரதியைப் பார்த்துப் படம் சுமார் என்று முடிவுகட்டுகிறோம். சுமாரான படத்துக்கு நல்ல பிரதி எதற்கு என்று விட்டுவிடுகிறோம்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. ‘டீட்டூர்’ பேர்பெற்றதே அந்தக் கிழிசல் நகல்களால்தான். 1992இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது இடம்பிடித்தபோது மறுசீரமைப்பு எதுவும் வந்திருக்கவில்லை. அதன் நாயகி ஆன் சாவேஜின் சீற்றம் எந்த நகலையும் மீறி வந்து சேரும். உண்மைதான். நகல்கள் படத்தை உயிரோடு வைத்திருந்தன என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் வந்து சேர்ந்தது ஒரு பகுதி. மீதியை நாமே இட்டு நிரப்பிக்கொண்டு, அழுக்கே இந்தப் படத்தின் அழகு என்றும் பாராட்டினோம். உல்மருடைய வறுமையையும் நகலெடுத்தவரின் அலட்சியத்தையும் ஒன்றாக்கிய பாராட்டு அது.

மறுசீரமைப்பும் மனிதக் கை பட்டதுதானே என்பது அடுத்த கேள்வி. 2018இல் அமெரிக்கத் திரைப்பட அகாதெமியின் காப்பகம் செய்த வேலையில் பெல்ஜியத்தில் இருந்த ஒரு பிரதி பெரிதும் உதவியது. அதில் பதிந்திருந்த துணையுரைகளை டிஜிட்டலில் நீக்கினார்கள். ஆம், இது அனுமானம். ஆனால் எதை எங்கிருந்து எடுத்தோம், எதை நீக்கினோம் என்று சொல்லும் அனுமானம். தவறென்றால் காட்டித் திருத்தலாம். மலிவு டிவிடியிடம் அப்படிக் கேட்க வழியில்லை. மறுசீரமைப்பு எல்லாக் குறையையும் திருத்திவிடவும் இல்லை. நாயகன் லிஃப்ட் கேட்டுப் போகும் சில காட்சிகளில் உல்மர் பிம்பத்தை இடவலமாகப் புரட்டியிருக்கிறார். அதனால் அமெரிக்கக் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். மறுசீரமைத்தவர்கள் அதைத் தொடவில்லை. அந்தப் பிழை உல்மருடையது, படத்தைச் சேர்ந்தது.