கேளாமல் காணலாமா?

சென்ற மாதம் நமது சங்க மண்டபத்தில் இரவு விருந்து முடிந்த பின்னர், அங்கத்தினர்களில் ஒருவரான வாலிபர் தாம் எடுத்த சலனப் படம் ஒன்றைத் திரையிட்டுக் காட்டினார். பன்னிரண்டு நிமிஷங்களே ஓடிய படம். மெர்போக் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம், அதன் ஒரு கரையில் தஞ்சோங் டாவாய் மீனவர் கம்பம், மறு கரையில் பந்தாய் மெர்டேக்கா, ஆற்றின் இரு மருங்கிலும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற கண்டற்காடு, அப்பால் மேகத்தில் தலை நுழைத்து நிற்கும் ஜெராய் மலை. நாற்பது ஐம்பது ஆண்டுகள் சுங்கை பட்டாணியிலேயே கடை வைத்துக் காலம் கழித்தவர்கள் கூட, நமது கெடா மாநிலம் இவ்வளவு அழகானதா என்று வாய்விட்டு வியந்தனர். நாமும் வியந்தோம்.

படத்தின் நடுவில் ஒரு சிறு பகுதி. விமானக் கண் கடலை விட்டுத் திரும்பி, கம்பத்து வீடுகளின் மேலாகத் தாழப் பறந்து வருகிறது. ஒரு வீட்டின் பின்புறம் ஒரு பெண்மணி அமர்ந்து துணி துவைத்துக்கொண்டிருக்கிறார். இரைச்சல் கேட்டு அண்ணாந்து பார்க்கிறார். மறுகணம், தோளில் கிடந்த துணியை அவசரமாக இழுத்துத் தலையை மூடிக்கொண்டு வீட்டிற்குள் விரைகிறார். மண்டபத்தில் சிலர் சிரித்தனர். சிலர் கை தட்டினர்.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும், முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "படம் நன்றாயிருக்கிறது தம்பி. அந்தப் பெண்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு எடுத்தீர்களா?" என்று வினவினார். யாரும் பதில் சொல்லவில்லை. அந்த மௌனமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். டிரோன் என்பது ஆளில்லாமல் பறக்கும் சிறு விமானம். நான்கு விசிறிகளால் எழும்பி, தரையில் நிற்பவரின் கைக்கருவிக்குக் கட்டுப்பட்டுப் பறக்கும். சீனாவின் ஷென்சென் நகரத்து டிஜேஐ கம்பெனி 2013இல் 'ஃபான்டம்' என்ற டிரோனை விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்து, சாமானியரும் இதை வாங்கலாயினர். 2019இல் அதே கம்பெனி வெளியிட்ட ஒரு டிரோனின் எடை 249 கிராம். கால் கிலோ சீனியை விடக் குறைவு!

காற்றில் அலைக்கழியும் இந்தச் சிறு பொருளிலிருந்து எடுக்கும் படம் ஆடாமல் அசையாமல் இருப்பது எப்படி? அங்கேதான் கிம்பல் என்னும் தாங்கி வருகிறது. காமிராவை மூன்று அச்சுகளில் தாங்கி நிற்கும் அமைப்பு அது. விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உணர்கருவிகள் கண்டுகொள்ளும். சிறு மோட்டார்கள் அந்தச் சாய்வுக்கு நேர் எதிராகக் காமிராவைத் திருப்பும். நொடிக்குப் பல நூறு தடவை இந்தத் திருத்தம் நடப்பதால், விமானம் தள்ளாடினாலும் பார்வை தள்ளாடுவதில்லை.

இதன் மூலத் தத்துவம் நமது முன்னோருக்குப் புதிதன்று. மரக்கலங்களில் திசைகாட்டியை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் வளையங்களில் பொருத்தித் தொங்க விடுவார்கள். கப்பல் எப்படிப் புரண்டாலும் திசைகாட்டி மட்டமாகவே நிற்கும். வங்கக் கடலைக் கடந்து கடாரத்திற்கு வந்த மாலுமிகள், 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கும் இதே ஜெராய் மலையைத் தொலைவிலேயே கண்டு, கரை நெருங்கிவிட்டது என்று அறிந்து தேறினர். கடலிலிருந்து மலையைப் பார்த்து வந்தவர்களின் சந்ததியார், இன்று ஆகாயத்திலிருந்து மலையையும் கடலையும் சேர்த்துப் பார்க்கின்றனர். இது பெருமைக்குரிய விஷயமே.

ஆகவே, கருவியைப் பழிப்பது நமது நோக்கமன்று. அதன் நன்மைகள் கண்கூடு. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமிப் பேரலை இதே கரையைத் தாக்கியது. மலேசியாவில் 68 உயிர்கள் பலியாயின. கோத்தா கோலா மூடாவில் அன்று இடிந்த வீடுகளில் சில இன்றும் நினைவுச் சின்னமாக நிற்கின்றன. அத்தகைய ஆபத்து வேளையில், எந்தப் பாதை அடைபட்டது, எந்தக் கூரையில் மனிதர் தவிக்கின்றனர் என்பதை நிமிஷத்தில் காட்டக்கூடிய கண் இது. கண்டற்காடு எங்கே அழிகிறது, கரை எங்கே அரிக்கப்படுகிறது என்பதைக் கணக்கெடுக்கவும் உதவும். நமது வாலிபர்களில் சிலருக்குக் கலியாண வீடுகளில் படமெடுப்பது பிழைப்பாகவும் இருக்கிறது. ஹலாலான பிழைப்பைக் குறை கூற நமக்கு உரிமையில்லை.

'சட்டப்படி பறக்கவிட்டால் போதாதா?' என்று சிலர் கேட்கலாம். சட்டம் அவசியமே. 2016ஆம் ஆண்டின் சிவில் விமானப் போக்குவரத்து விதிகளின்படி, அனுமதியின்றி 400 அடிக்கு மேல் பறக்கவிடலாகாது. விமான நிலையங்களின் அருகே தடை உண்டு. வானிலிருந்து படம் எடுப்பதற்கு நில அளவை, வரைபட இலாகாவின் அனுமதி பெற வேண்டும். இவற்றை மீறுவோர் குற்றவாளிகளே. ஆனால் இந்த விதிகளின் முதற் கவலை என்ன என்பதைக் கவனியுங்கள். விமானங்கள் மோதக் கூடாது. தேசப் பாதுகாப்புக்குப் பங்கம் வரக் கூடாது. நியாயமான கவலைகளே. எனினும் கொல்லையில் துணி துவைக்கும் பெண்மணிக்கு இவற்றால் வரும் பாதுகாப்பு சொற்பமே. 400 அடிக்குக் கீழே பறப்பது விமானத்துக்கு நல்லது. அவருக்கோ, எவ்வளவு தாழப் பறக்கிறதோ அவ்வளவு தொல்லை.

அண்டை வீட்டாரின் முற்றத்தை நோக்கி ஒருவர் வைத்திருந்த கண்காணிப்புக் காமிராவை ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் 2011இல் அகற்றச் சொன்னது. தமது வேலிக்குள் தமது மனம்போல் இருக்கும் உரிமை மனிதருக்கு உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொண்டது. ஆயினும் ஒவ்வொரு கொல்லைப்புறத்துக்கும் ஒரு வழக்கு நடத்த முடியுமா? சட்டம் வந்து சேராத இடத்தில் மனிதனின் நல்லறிவுதான் காவல் நிற்க வேண்டும்.

மேலிருந்து பார்க்கப்படுவது எப்படியிருக்கும் என்பதை நம்மவர் அறியாதவரல்லர். கேள்வி கேட்ட பெரியவர், பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இளமையில் கடை வைத்திருந்தவர். அவர் பின்னர் நம்மிடம் சொன்னார்: "துரை பங்களா குன்றின் மேல் இருந்தது. லயங்கள் எல்லாம் கீழே. வராந்தாவில் துரை நிற்கிறாரா இல்லையா என்று கீழே இருப்பவனுக்குத் தெரியாது. நிற்கிறார் என்றே எண்ணிக்கொண்டு நடப்பான். வாசலில் உட்கார்ந்து பெண்டாட்டிக்குப் பேன் பார்க்கக் கூட யோசிப்பான்." பால்மரம் வெட்டியவர்கள் பட்ட அந்தக் கூச்சத்தைக் கண்ணால் கண்டவர் ஆதலின், திரையில் அந்தப் பெண்மணி ஓடியபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று குன்று வேண்டும், பங்களா வேண்டும், உத்தியோகம் வேண்டும். இன்று குன்றைப் பையில் போட்டுக்கொண்டு யாரும் எங்கும் போகலாம். வித்தியாசம் அவ்வளவுதான்.

நமது வாலிபர் சொன்ன சமாதானத்தையும் கேட்க வேண்டும். "நான் அவரைப் பார்க்கவே இல்லை. நான் பார்த்தது கடலை. அவர் படத்தில் விழுந்திருப்பதை வீட்டில் உட்கார்ந்து படத்தை வெட்டி ஒட்டும்போதுதான் கண்டேன்" என்றார். இதை நாம் நம்புகிறோம். கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருப்பதையும் காமிரா விழுங்கிவிடும். 'அப்படியானால் கண்டபின் ஏன் நீக்கவில்லை?' என்று கேட்டோம். சற்றுத் தயங்கிவிட்டு, "அவர் அண்ணாந்து பார்த்த இடத்தில்தான் படத்துக்கு உயிர் வந்தது" என்றார். அவர் மறைக்காமல் சொன்ன இந்தப் பதிலில்தான் விஷயம் முழுதும் அடங்கியிருக்கிறது.

தற்செயலாக விழும் முதற் பார்வை வேறு. வேண்டுமென்று திருப்பும் இரண்டாம் பார்வை வேறு. முதலாவது மன்னிக்கப்படும், இரண்டாவதற்கு நாமே பொறுப்பு. இது நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த பாடம். அயலார் வீட்டு வாசலில் ஸலாம் சொல்லி, அனுமதி கிடைத்தால் நுழைந்து, கிடைக்காவிட்டால் மனத்தாங்கலின்றித் திரும்ப வேண்டும் என்பதும் அதே பாடசாலையில் கற்றதே. வீட்டுக்கு வாசல் ஒரு பக்கம்தான் என்று எண்ணியிருந்தோம். இப்போது கூரைக்கு மேலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அங்கே நின்று ஸலாம் சொல்லும் வழக்கம் இன்னும் வரவில்லை.

கண்ணால் பார்ப்பவனுக்கு முதற் பார்வை என்று ஒன்று உண்டு; அது நொடியில் கடந்துவிடும். காமிராவில் பதிந்தது கடந்து போவதில்லை. அதைத் திரும்பப் பார்ப்பதும், வெட்டுவதும், வைத்துக்கொள்வதும், நூறு பேருக்குக் காட்டுவதும் ஒவ்வொன்றும் இரண்டாம் பார்வையே. ஆகவே, பறக்கும்போது அவர் குற்றம் செய்யவில்லை. வீட்டில், அமைதியாக, யோசிக்க நேரம் இருந்தபோது செய்தார். கை தட்டியபோது நாமும் அதில் பங்கு வாங்கிக்கொண்டோம்.

'ஒரு கம்பத்தில் இருநூறு வீடு. எல்லாரிடமும் அனுமதி கேட்க முடியுமா?' முடியாது. கூடுமானதைச் செய்யலாம். கம்பத் தலைவரிடம் முன்கூட்டிச் சொல்லலாம். வீடுகளை விட்டு விலகி, கடற்பக்கமாகப் பறக்கவிடலாம். ஆள் தெரியும் உயரத்துக்கு இறங்காமல் இருக்கலாம். எடுத்த படத்தை வெளியாருக்குக் காட்டுமுன், தமது வீட்டுக் கொல்லையும் தமது தாயாரும் அதில் இருந்தால் காட்டுவோமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம். இதற்கு எந்த இலாகாவின் முத்திரையும் தேவையில்லை.

நமது வாலிபரின் நல்ல குணத்தையும் சொல்லியாக வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தஞ்சோங் டாவாய்க்குப் போனார். போனவருக்கு வீடு தெரியவில்லை! ஆகாயத்திலிருந்து ஒவ்வொரு கூரையையும் அடையாளம் சொல்லத் தெரிந்தவர், தெருவில் நின்று திகைத்தார். ஒட்டுக்கடையில் விசாரித்து ஒருவாறு கண்டுபிடித்து, வாசலில் நின்று ஸலாம் சொல்லி, மன்னிப்புக் கேட்டார். அந்த மக்சிக் கோபித்துக்கொள்ளவில்லை. கோழிகள் மிரண்டு இரண்டு நாள் முட்டையிடவில்லை என்று மட்டும் குறைபட்டுக்கொண்டாராம். பிறகு, "நாங்கள் நெத்திலி காய வைப்பதைப் படம் எடுத்திருக்கலாமே. காலையில் வந்தால் முன்பக்கம் முழுதும் வெள்ளிபோல் மின்னும். சொல்லியிருந்தால் நானே நின்று காட்டியிருப்பேன்" என்றாராம்.

அவர் காட்ட விரும்பியது ஒன்று. நாம் பறித்துக்கொண்டது மற்றொன்று. கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடியது, கேளாமல் எடுத்ததை விட மேலானது.

அந்தப் பகுதி இப்போது படத்தில் இல்லை, வாலிபர் நீக்கிவிட்டார். திரும்பத் திரையிட்டபோது குறை தெரியவில்லை. காலையில் நெத்திலி காயும் காட்சி, அந்த மக்சிக்கின் சம்மதத்துடன், அவ்விடத்தில் சேர்ந்திருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம் பாக்கியிருக்கிறது. முதல் இரவே நம்மில் சிலர் திரையில் ஓடிய அந்தப் பகுதியைக் கைத்தொலைபேசியில் பிடித்து, வாட்ஸ்அப் மூலம் உறவினருக்கும் நண்பருக்கும் அனுப்பிவிட்டோம். அது கூலிம் போயிற்று, அலோர் ஸ்டார் போயிற்று, கடல் கடந்து ஊருக்கும் போயிற்று. அதைத் திரும்ப அழைக்கும் வழி நம்மிடம் இல்லை. வாலிபர் தம் பங்கைச் செய்துவிட்டார். நமது பங்குக்கு, அனுப்பியவர்கள் ஒவ்வொருவரும் பெற்றவர்களிடம் சொல்லி அழிக்கச் செய்யுமாறு இதன் மூலம் வேண்டிக்கொள்கிறோம். இதை எழுதும் நாமும் அனுப்பியவர்களில் ஒருவரே. எல்லாம் அழியும் என்று சொல்வதற்கில்லை. இயன்ற அளவு செய்வோம். இனிமேலாவது கேட்டுப் பார்க்கும் நற்குணத்தை வல்ல இறைவன் நம் யாவருக்கும் அருள்வானாக.